பிபிபி திட்டங்களில் ரிஸ்க்கைக் கண்டுபிடித்துப் பங்கிடுவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு

பிபிபி என்று சுருக்கிச் சொல்லும் அரசு–தனியார் கூட்டுத் திட்டம் ஒன்றில் முதன்முதலாக வேலை பார்க்க வருபவர் கையில் பெரும்பாலும் இரண்டு காகிதக் கட்டுகள் வந்து சேரும். ஒன்று, நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும் ஒப்பந்த வரைவு. இன்னொன்று ரிஸ்க் அட்டவணை. இடது பக்கம் ரிஸ்க்கின் பெயர், வலது பக்கம் அரசு, தனியார், இருவரும் என்று மூன்று கட்டங்கள், அவற்றில் ஏதோ ஒன்றில் ஒரு டிக். அந்த டிக்கை எதை வைத்துப் போட்டீர்கள் என்று கேட்டால் பல நேரம் பதில் கிடைக்காது. போன திட்டத்தில் அப்படி இருந்தது, அதனால் இதிலும் அப்படி, அவ்வளவுதான்.

அந்த டிக்கை யோசித்துப் போடுவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நீங்கள் அரசுத் துறையில் இருக்கலாம், கடன் கொடுக்கும் வங்கியில் இருக்கலாம், டெண்டர் போடும் கம்பெனியில் இருக்கலாம். செய்ய வேண்டிய வேலை ஒன்றேதான். புத்தகத் தமிழில் இடர் என்று எழுதுவதை எல்லோரும் ரிஸ்க் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லாமே இதைச் சுற்றித்தான். ஒப்பந்தத்தில் ஒரு ரிஸ்க்கைத் தனியார் தலையில் எழுதிவிட்டதாலேயே அது அரசை விட்டுப் போய்விடாது. தாங்க முடியாதவர் தலையில் எழுதியது சில வருடம் கழித்து, வட்டியோடு, மக்கள் பணத்தைத் தேடித் திரும்பி வரும்.

முதலில் பணம் போகும் வழியை வரையுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுத் துறை, திட்டக் கம்பெனி, கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர், நடத்திப் பராமரிப்பவர், கடன் கொடுக்கும் வங்கிகள், பங்குதாரர்கள், காப்பீட்டுக் கம்பெனி, கடைசியாக அந்தச் சாலையையோ தண்ணீரையோ பயன்படுத்தும் மக்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி போடுங்கள். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எதன் பேரில் பணம் போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். அரை மணி நேர வேலைதான். இதைச் செய்யாமல் ஒப்பந்தத்தைப் படிக்க உட்கார்ந்தால் நாற்பதாவது பக்கத்தில் வழி தவறிவிடும்.

நடுவில் இருக்கும் திட்டக் கம்பெனியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எஸ்பிவி என்று சொல்வது இதைத்தான். இந்த ஒரே திட்டத்துக்காகத் தொடங்கப்பட்டது, வேறு தொழிலும் கிடையாது, வேறு சொத்தும் கிடையாது. மொத்தச் செலவில் 70 முதல் 80 சதவீதம் கடனாகவும் மீதி பங்குதாரர்களின் சொந்தப் பணமாகவும் இருப்பது சாதாரணமாகக் காணும் அமைப்பு. தாய்க் கம்பெனி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது தனியாக உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, திட்டக் கம்பெனி மூழ்கும்போது அங்கிருந்து காசு வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது படியில் தேவைப்படும்.

படி 1: கணக்குகளுக்குள் ஒளிந்திருக்கும் நம்பிக்கைகளைத் தோண்டி எடுங்கள்

ரிஸ்க்கைத் தேடப் பெரும்பாலானோர் ஒரு ரெடிமேட் பட்டியலோடு தொடங்குகிறார்கள். நான் திட்டத்தின் நிதிக் கணக்கோடு தொடங்கச் சொல்வேன். அந்தக் கணக்கில் உள்ள ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவரின் நம்பிக்கை. கட்டுமானம் 36 மாதத்தில் முடியும், நிலம் ஆறாவது மாதத்தில் கைக்கு வரும், வட்டி இவ்வளவு, முதல் வருடம் இத்தனை வண்டிகள், கட்டணம் வருடா வருடம் விலைவாசியோடு சேர்ந்து உயரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இது தப்பினால்?' என்று எழுதிக்கொண்டே போங்கள். நினைத்ததற்கும் நடப்பதற்கும் இடையே விழக்கூடிய இடைவெளிதான் ரிஸ்க் என்பதால், நினைத்தவை எழுதி வைத்திருக்கும் இடமே தேடத் தொடங்க நல்ல இடம்.

அடுத்து, திட்டத்தின் ஆயுளைக் கால வரிசையில் நடந்து பாருங்கள். நிலம் எடுப்பு, அனுமதிகள், கடன் உறுதியாவது, வடிவமைப்பு, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது, கட்டுமானம், சோதனை ஓட்டம், பயன்பாடு, பெரிய பராமரிப்புகள், சட்டமும் வரியும் மாறுவது, கடைசியில் அரசிடம் திருப்பி ஒப்படைப்பது. இந்த நடையை ஒற்றை ஆளாகச் செய்யாதீர்கள். மண் பரிசோதனை செய்த இன்ஜினியர், நில எடுப்பைப் பார்க்கும் அதிகாரி, இதே போன்ற ஒன்றை ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர், வங்கிக்காரர், வக்கீல் எல்லோரும் ஒரே அறையில் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். நடத்திப் பராமரிப்பவரை அழைக்க மறந்துவிடுவார்கள். பம்ப் எந்த மாதத்தில் அடைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ரெடிமேட் பட்டியல் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜி20 நாடுகள் தொடங்கிய குளோபல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஹப் என்ற அமைப்பு 2016இல் சாலை, ரயில், விமான நிலையம், துறைமுகம் என்று திட்ட வகை வாரியாக மாதிரி அட்டவணைகள் வெளியிட்டது, நல்ல வேலை. ஆனால் உங்கள் பட்டியலை முடித்த பிறகு, எதை விட்டுவிட்டோம் என்று சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள். முன்பே திறந்தால் யோசனை நின்றுவிடும். ஒருமுறை ஒரு குடிநீர்த் திட்டத்தின் அட்டவணையில், போட்டிச் சாலை வந்தால் வாகன எண்ணிக்கை குறையும் என்ற வரியைப் பார்த்தேன். பக்கம் பக்கமாகக் காப்பி அடித்திருந்தார்கள். பல கையெழுத்துகள் தாண்டி வந்திருந்தது, ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இரண்டு பேருடைய வேலை சந்திக்கும் இடத்தைத் தனியாகத் தேடுங்கள், அது எந்தப் பட்டியலிலும் சரியாக வராது. டெல்லி விமான நிலைய மெட்ரோ பாதையில் தூண்களும் பாலமும் சுரங்கமும் அரசு மெட்ரோ நிறுவனத்தின் வேலை. தண்டவாளம், சிக்னல், ரயில், ஓட்டம் எல்லாம் தனியார் வேலை. 2011இல் ஓடத் தொடங்கியது, பாலப் பகுதியில் குறைகள் தெரிந்ததால் 2012 ஜூலையில் நின்றது. 2013இல் மறுபடி ஓடியது, ஆனால் தனியார் கம்பெனி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு விலகியது. குறை சரியான காலத்தில் சரிசெய்யப்பட்டதா இல்லையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிய 2024 ஆனது. நீங்கள் கட்டியதன் மேல் நான் ஓட்டுகிறேன் என்ற அமைப்பு வரும்போதெல்லாம், குறை இருக்கிறதா, அது சரியானதா என்பதை முடிவு செய்யும் மூன்றாவது ஆள் யார் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள்.

படி 2: ஒவ்வொரு ரிஸ்க்கையும் ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள்

'டிமாண்ட் ரிஸ்க்' என்று இரண்டு வார்த்தையில் எழுதினால் அதைப் பங்கிட முடியாது. எதனால், என்ன நடந்து, யாருக்கு என்ன நஷ்டம் என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். சுங்கச் சாலையில் வண்டி குறைய எத்தனையோ காரணம் இருக்கலாம். ஊரின் பொருளாதாரம் மந்தமாகலாம். பக்கத்தில் அரசே இலவசச் சாலை போடலாம். அனுமதித்த கட்டண உயர்வை அரசு தடுக்கலாம். சாலையே குண்டும் குழியுமாக இருப்பதால் ஓட்டுநர்கள் ஒதுங்கலாம். நான்கும் டிமாண்ட்தான், ஆனால் முதலாவது யார் கையிலும் இல்லை, இரண்டாவதும் மூன்றாவதும் அரசின் கையில், நான்காவது நடத்துபவர் கையில். ஒரே டிக்கில் நான்கையும் அடைத்தால் கண்டிப்பாக எங்கோ அநியாயம் நடக்கும்.

இலவசச் சாலை விஷயத்தில் கலிஃபோர்னியாவின் 91ஆம் எண் நெடுஞ்சாலை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1995இல் அதன் நடுவே தனியார் கட்டண வழித்தடம் திறந்தார்கள். அருகில் உள்ள இலவச வழித்தடங்களை அரசு மேம்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தது. தனியாரைப் பாதுகாக்கப் போட்ட வரிதான், ஆனால் நெரிசல் கூடியபோது அரசின் கை கட்டப்பட்டுவிட்டது. கடைசியில் ஆரஞ்சு கவுன்ட்டி போக்குவரத்து ஆணையம் 2003இல் 20.75 கோடி டாலர் கொடுத்து அந்த வழித்தடத்தையே வாங்கித்தான் அந்த வரியிலிருந்து வெளியே வந்தது. போட்டி வந்தால் இவ்வளவு நஷ்ட ஈடு, இந்தச் சூத்திரப்படி என்று எழுதியிருந்தால் போதும். செய்யவே கூடாது என்று எழுதியது அளவுக்கு மீறிய பாதுகாப்பு என்பது என் கருத்து.

படி 3: அளவிடுங்கள், அப்புறம் சுவரின் உயரத்தோடு ஒப்பிடுங்கள்

பெரும்பாலான ரிஸ்க்குகளுக்கு அதிகம், நடுத்தரம், குறைவு என்று இரண்டு பக்கமும் மதிப்பிட்டால் போதும். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு அடி. இரண்டிலும் உயரமாக நிற்கும் ஐந்தாறு ரிஸ்க்குகளுக்கு மட்டும் எண் போடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. கட்டுமானச் செலவு 1000 என்று வைத்துக்கொள்வோம். நினைத்தபடி முடிய 20 சதவீத வாய்ப்பு; 100 கூடுதலாக ஆக 50 சதவீதம்; 250 கூடுதலாக ஆக 25 சதவீதம்; 600 கூடுதலாக ஆக 5 சதவீதம். பெருக்கிக் கூட்டினால் 50, 62.5, 30, மொத்தம் 142.5. இதுதான் இந்த ரிஸ்க்கின் சராசரி விலை, எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள். திட்டக் கம்பெனியில் 700 கடன், 300 பங்குதாரர் பணம் என்றால், 600 கூடுதல் செலவு வரும் அந்த 5 சதவீத நாளில் என்ன ஆகும்? செலவு கூடினாலும் பேசிய விலையே என்ற நிலையான விலை ஒப்பந்தம் இருந்தால் முதல் அடி கான்ட்ராக்டருக்கு. அவர் தர வேண்டிய அபராதத்துக்கும் பொறுப்புக்கும் ஒப்பந்தத்தில் ஒரு உச்சவரம்பு இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். அதற்கு மேல் பங்குதாரர்களின் 300. அதையும் தாண்டினால் அவர்கள் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போவதே அவர்களுக்கு லாபம். பாதி கட்டிய பாலமும், கடன் பாக்கியும், காத்திருக்கும் மக்களும் அரசிடம் நிற்பார்கள். ஆக, கட்டுமான ரிஸ்க் முழுவதும் தனியாருக்கு என்று அட்டவணையில் எழுதியிருந்தாலும், உண்மையில் போயிருப்பது கான்ட்ராக்டரின் உச்சவரம்பும் பங்குதாரர் பணமும் சேர்ந்து எழுப்பும் சுவரின் உயரம் வரை மட்டும். ஒவ்வொரு பெரிய ரிஸ்க்குக்கும் பக்கத்தில் அந்த உயரத்தை எண்ணாக எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லண்டன் சுரங்க ரயிலைப் புதுப்பிக்க 2003இல் 30 வருட ஒப்பந்தம் எடுத்த மெட்ரோநெட் இதற்கு நேரடிப் பாடம். அதன் பங்குதாரர்களே அதன் கான்ட்ராக்டர்களாகவும் இருந்தார்கள், அதனால் வேலையின் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவரும் குறைக்க வேண்டியவரும் ஒரே ஆட்கள். கடனில் 95 சதவீதத்துக்கு அரசுத் தரப்பின் உத்தரவாதம் இருந்ததால் வங்கிகளும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கண்காணிக்க வேண்டிய அவசியம் இல்லை. செலவு எகிறி, 2007 ஜூலையில் கம்பெனி கவிழ்ந்தது. அந்த உத்தரவாதத்தின்படி கடனை அடைக்க அரசு சுமார் 170 கோடி பவுண்டு கொடுத்தது. காகிதத்தில் அது தனியார் சுமக்கும் ரிஸ்க்காகவே இருந்தது.

எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதிலும் கவனம் வேண்டும். உலகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட சுங்கச் சாலைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், வந்த வண்டிகள் கணித்ததில் சராசரியாக 77 சதவீதம்தான். டெண்டரில் ஜெயிக்க வேண்டும் என்பவர் தயாரிக்கும் கணிப்பு மேலே சாய்ந்திருப்பது இயல்பு. அதனால் வண்டி எண்ணிக்கை 25 சதவீதம் குறைந்தால் கடன் தவணை கட்ட முடியுமா என்ற கேள்வியை ஒரு விதிவிலக்கான நிலைமை போலக் கேட்காதீர்கள். அதுதான் சாதாரண நிலைமை.

படி 4: யாரிடம் கொடுப்பது?

மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். இது நடக்காமல் தடுக்க யாரால் முடியும்? தடுக்க முடியாது என்றால், முன்கூட்டியே தெரிந்துகொண்டு அடியைக் குறைக்க யாரால் முடியும்? அதுவும் முடியாது என்றால், அடியைக் குறைந்த செலவில் தாங்கக்கூடியவர் யார்? கையில் இல்லாத ஒன்றைத் தனியாரிடம் கொடுத்தால் அவர் அதற்கு ஒரு பயச் சம்பளம் சேர்த்துத்தான் விலை சொல்வார். நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தக் காசு போய்விடும்.

சில ரிஸ்க்குகளில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நிலம் எடுப்பது அரசின் வேலை. பெரும்பகுதி நிலம் கைக்கு வராமல் ஒப்பந்தக் காலக் கடிகாரத்தை ஓட விடாதீர்கள். வடிவமைப்பு, கட்டுமானத் தரம், பராமரிப்பு தனியாருக்கு. இந்தத் திட்டத்தையே குறிவைத்து வரும் சட்ட மாற்றம் அரசுக்கு, எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக வரும் வரி மாற்றத்தை ஓர் அளவு வரை தனியார் தாங்கலாம். பூகம்பம், போர் போன்றவற்றில் காப்பீடு கிடைப்பது வரை காப்பீடு, கிடைக்காததில் இரு தரப்பும் பங்கு. தரைக்கு அடியில் பாறையா சேறா என்பதை, டெண்டருக்கு முன்பே அரசு துளையிட்டுப் பார்த்து எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் அறிக்கையைக் கொடுத்து, அதிலிருந்து இவ்வளவுக்கு மேல் மாறினால் மட்டும் செலவைப் பகிர்வது என்று வைத்துக்கொள்ளலாம். டெண்டருக்கு முன் அரசு செலவழிக்கும் பணத்தில் இவ்வளவு பலன் தருவது வேறு அதிகம் இல்லை.

வண்டி எண்ணிக்கை, பயணிகள் எண்ணிக்கைதான் கஷ்டம்.

சிட்னியில் 2005இல் திறந்த கிராஸ் சிட்டி சுரங்கச் சாலையில் எல்லாமே தனியாருக்கு. நாளுக்கு சுமார் 90,000 வண்டிகள் வரும் என்றார்கள், வந்தது ஏறக்குறைய 30,000. 2006 இறுதியில் கம்பெனி கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. சாலை ஓடிக்கொண்டிருந்தது, நஷ்டம் முதலீட்டாளர்களுக்கு, அரசுக்கு வெற்றிதானே என்று அப்போது சிலர் வாதிட்டார்கள். ஆனால் இதே போல இன்னும் சில சுரங்கச் சாலைகளும் விழுந்த பிறகு, வண்டி எண்ணிக்கையைத் தங்கள் தலையில் வாங்கிக்கொள்ள முதலீட்டாளர்கள் தயங்கத் தொடங்கினார்கள். அடுத்த திட்டத்துக்கு அதன் விலையை அரசுதான் கொடுத்தது.

தென் கொரியா நேர் எதிர்ப் பக்கம் போனது. 1990களின் இறுதியில் வந்த நிதி நெருக்கடிக்குப் பிறகு முதலீட்டாளர்களை இழுக்க, கணித்த வருமானத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கப் பார்த்துக்கொள்வதாக உத்தரவாதம் கொடுத்தார்கள். வருமானம் கணிப்பைத் தொடவில்லை, வருடா வருடம் அரசு ஈடுகட்டியது. கணிப்பு எவ்வளவு ஊதியிருக்கிறதோ அவ்வளவுக்கு உத்தரவாதமும் ஊதும் என்பதால், சரியாகக் கணிக்க யாருக்கும் ஆர்வம் இருக்காது. படிப்படியாகக் குறைத்து 2009இல் அந்த முறையையே நிறுத்தினார்கள்.

எனக்குப் பிடித்தது சிலி நாடு 1998இல் சாந்தியாகோ–வால்பராய்சோ சாலைக்குச் செய்தது. எத்தனை வருடம் என்று ஒப்பந்தக் காலத்தை நிர்ணயிக்கவில்லை. மொத்தம் எவ்வளவு வருமானம், இன்றைய மதிப்பில், வசூலானால் போதும் என்று கேட்டார்கள். குறைவாகச் சொன்னவருக்கு ஒப்பந்தம். அந்தத் தொகை வசூலான நாளில் ஒப்பந்தம் முடியும். வண்டி அதிகம் வந்தால் சீக்கிரம், குறைவாக வந்தால் தாமதமாக. மந்தமான வருடங்கள் கம்பெனியைக் கொல்வதில்லை, அமோகமான வருடங்கள் மக்களைச் சுரண்டுவதுமில்லை. ஒரு குறை, அதிக வண்டிகளை வரவழைக்க நடத்துபவருக்குப் பெரிய ஊக்கம் இல்லை. சாலையில் அது பரவாயில்லை, ஏனென்றால் அங்கே வண்டி வருவது பெரும்பாலும் நடத்துபவர் செயலால் அல்ல. துறைமுகத்துக்கு இதை அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

வேறு ஒரு வழி, டிமாண்டை முழுக்க அரசே வைத்துக்கொண்டு, சேவை தயாராக, தரமாக இருக்கும் நாட்களுக்கு மட்டும் குறிப்பிட்ட தொகை தருவது. மருத்துவமனைக் கட்டடம், பள்ளி, தெரு விளக்கு போன்றவற்றுக்கு இதுதான் பொருந்தும். வரும் நோயாளிகளின் எண்ணிக்கைக்குக் கட்டடம் பராமரிப்பவர் எப்படிப் பொறுப்பாவார்?

அந்நியச் செலாவணியை மறந்துவிடாதீர்கள், அது சத்தமில்லாமல் கொல்லும். மணிலாவின் குடிநீர் 1997இல் மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டு இரண்டு தனியார் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்டது. அரசு நீர் வாரியத்தின் பழைய வெளிநாட்டுக் கடனில் சுமார் 90 சதவீதம் மேற்குப் பகுதிக் கம்பெனியின் தலையில் விழுந்தது. அதே நேரம் ஆசிய நிதி நெருக்கடி. 26 பெசோவாக இருந்த டாலர் சில மாதங்களில் 40ஐத் தாண்டியது. வருமானம் பெசோவில், கடன் டாலரில். 2002 இறுதியில் அந்தக் கம்பெனி ஒப்பந்தத்தை விட்டு விலகுவதாக நோட்டீஸ் கொடுத்தது. கடன் பாரம் குறைவாக இருந்த கிழக்குக் கம்பெனி தாக்குப்பிடித்தது. வருமானம் எந்தக் காசில் வருகிறதோ அந்தக் காசில் கடன் வாங்குவதுதான் முதல் மருந்து. முடியாதபோது, எந்த அளவு வரை யார் தாங்குவது, கட்டணத்தில் எவ்வளவு வேகத்தில் ஏற்றலாம் என்று எழுத வேண்டும்.

கட்டணத்தில் ஏற்றலாம் என்று எழுதும்போதே இன்னொரு ரிஸ்க்கை அங்கே நட்டுவிடுகிறீர்கள். பொலிவியாவின் கோச்சபம்பா நகரத் தண்ணீர் ஒப்பந்தம் 1999இல் கையெழுத்தாகி, கட்டணம் ஏறியதும் மக்கள் தெருவுக்கு வந்து, 2000 ஏப்ரலில் ரத்தானது. எளிய வீடுகளால் கட்ட முடியுமா என்ற கேள்வியை நிதிக் கணக்குப் போடுபவர் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். தண்ணீர் ஒரு வீட்டின் வாழ்க்கை. ஒப்பந்தத்தில் உள்ள சூத்திரத்துக்காக யாரும் தாகத்தோடு இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது.

படி 5: அட்டவணையில் எழுதியது ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு என்று எண்ணை எழுதுங்கள். எண் கிடைக்காத வரி ஒவ்வொன்றும் எதிர்கால வழக்கு. குறிப்பாக 'இருவரும்' என்று டிக் போட்டவை. எவ்வளவு வரை யார், அதற்கு மேல் எந்த விகிதத்தில், எத்தனை நாளுக்குள் நோட்டீஸ், யார் சரிபார்ப்பது என்று இல்லாமல் 'இருவரும்' என்று எழுதினால் யாரும் இல்லை என்றுதான் அர்த்தமாகும்.

ரிஸ்க் பற்றிய பிரிவுகளைப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். உண்மையான பங்கீடு பணம் கொடுக்கும் பிரிவிலும் ஒப்பந்தம் முறிந்தால் யாருக்கு எவ்வளவு என்ற பிரிவிலும் இருக்கிறது. தனியாரின் தவறால் முறிந்தாலும் கடன் முழுவதையும் அரசு அடைக்கும் என்று அங்கே ஒரு வரி இருந்தால், முன்னால் நூறு பக்கத்தில் நீங்கள் மாற்றிக் கொடுத்த ரிஸ்க்கெல்லாம் அந்த ஒரு வரியில் திரும்பி வந்துவிடும்.

டெண்டரில் எதை வைத்து வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் ரிஸ்க்கை உருவாக்கும். மெக்சிகோ 1989 முதல் 1994 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட சுங்கச் சாலை ஒப்பந்தங்களைக் கொடுத்தது. பெரும்பாலும் யார் குறைந்த வருடம் கேட்கிறார்களோ அவருக்கே. குறைந்த வருடத்தில் பணத்தை எடுக்கச் சுங்கம் ஏறியது, லாரிகள் பழைய இலவசச் சாலையிலேயே போயின, கட்டுமானச் செலவும் கூடியது, பெசோவும் விழுந்தது. 1997இல் 23 சாலைகளை அரசு திரும்ப எடுத்து அவற்றின் கடனையும் சுமந்தது.

படி 6: அரசின் கையில் மிஞ்சியதைக் கூட்டிப் பாருங்கள்

உத்தரவாதம் என்பது இன்றைக்குக் காசு கேட்காத செலவு, அதனால்தான் அது தாராளமாகக் கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு திட்டத்திலும் அரசு எழுதிக் கொடுத்ததை ஒரே தாளில் கொண்டுவந்து, மோசமான வருடத்தில் எல்லாம் ஒன்றாக வந்தால் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். ஒன்றாகத்தான் வரும், ஏனென்றால் பொருளாதாரம் மந்தமானால் எல்லாச் சாலையிலும் ஒரே நேரத்தில் வண்டி குறையும். ஐஎம்எஃபும் உலக வங்கியும் இதற்காகவே பிஃப்ராம் என்ற கணக்கீட்டுக் கருவியை இலவசமாகக் கொடுக்கின்றன. ஒரு எக்செல் ஃபைல் திறக்கத் தெரிந்தால் போதும். இந்த வேலையைத் திட்டத்தைக் கொண்டுவரும் துறை செய்யக் கூடாது, நிதித் துறை செய்ய வேண்டும்.

படி 7: கையெழுத்துக்குப் பிறகும் அட்டவணையை மூடாதீர்கள்

லத்தீன் அமெரிக்காவில் 1980களின் நடுவிலிருந்து 2000 வரை கொடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களை உலக வங்கிக்காக ஆராய்ந்தபோது, போக்குவரத்தில் பாதிக்கும் மேல், தண்ணீரில் நான்கில் மூன்று பங்கு, மறு பேச்சுவார்த்தைக்கு வந்திருந்தது தெரிந்தது. அதுவும் சராசரியாக சுமார் 2.2 வருடத்திலேயே. முதல் நாள் போட்டி ஏலத்தில் கவனமாகப் பங்கிட்டதை, இரண்டு வருடம் கழித்து போட்டியே இல்லாமல், மூடிய அறையில் மறுபடி பங்கிட்டால் மக்கள் பக்கம் யார் பேசுவார்கள்? எந்தெந்தக் காரணத்துக்கு மட்டும் மறு பேச்சுவார்த்தை, யார் ஒப்புதல், முடிவை எங்கே வெளியிடுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லி விடாமல் கேளுங்கள்.

பணமாகக் கேட்காமல் காலமாகக் கேட்பார்கள், அதையும் கவனியுங்கள். இங்கிலாந்து–பிரான்ஸ் கடலடிச் சுரங்கத்துக்கு முதலில் கொடுத்த உரிமை 55 வருடம். செலவு கூடிய பிறகு அது 65 ஆனது, அப்புறம் வருமானமும் குறைந்ததும் 99 ஆனது. அரசு ஒரு காசும் கொடுக்கவில்லை என்று சொல்லலாம்தான், ஆனால் 44 வருட வருமானம் என்பது காசு இல்லாமல் வேறென்ன?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டவணையைத் திறந்து, முடிந்துபோன ரிஸ்க்குகளை அடித்துவிட்டு, புதிதாக முளைத்தவற்றைச் சேருங்கள். திட்டக் கம்பெனியோடு சேர்த்து கான்ட்ராக்டரின் கணக்குகளையும் படியுங்கள். 2018 ஜனவரியில் பிரிட்டனின் கரில்லியன் கம்பெனி கவிழ்ந்தபோது லிவர்பூலிலும் பர்மிங்ஹாம் அருகிலும் இரண்டு பெரிய மருத்துவமனைகள் பாதியில் நின்றன. ஒன்று 2022இலும் இன்னொன்று 2024இலும்தான் திறந்தன. அந்தக் கம்பெனி முந்தைய வருடமே லாபம் குறையும் என்ற எச்சரிக்கைகளை வெளியிட்டிருந்தது. எச்சரிக்கை வரும் நாளில் மாற்று கான்ட்ராக்டர் யார், வங்கிகள் உள்ளே வந்து நடத்த எத்தனை நாள் அவகாசம், நோயாளிகளை எங்கே அனுப்புவது என்ற பதில்கள் கையில் இருக்க வேண்டும்.

கடைசி வருடங்களுக்கும் ஒரு வரி வேண்டும். திருப்பிக் கொடுக்கப்போகிற சொத்தில் யாரும் மனமுவந்து செலவு செய்ய மாட்டார்கள், பராமரிப்பு மெல்லத் தேயும். அதனால் ஒப்படைப்புக்குச் சில வருடங்கள் முன்பே சுதந்திரமான ஒரு இன்ஜினியர் வந்து பார்த்து, சரிசெய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டு விலை போட வேண்டும். அந்தத் தொகையைக் கம்பெனிக்குப் போகும் பணத்திலிருந்து பிடித்து ஒரு தனிக் கணக்கில் வைத்து, வேலை முடிந்தது தெரிந்த பிறகே விடுவிக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் கழித்து நடக்கப்போவதுதானே என்று கையெழுத்து நாளில் இந்தப் பிரிவைச் சுருக்கிவிடச் சொல்வார்கள். சுருக்க விடாதீர்கள்.